கணக்கில் இருக்கிறது, செல்லுபடியாகவில்லை: முதுகலைக் கிரெடிட் மாற்றம் குறித்து

இந்தியப் பல்கலைக்கழகங்களில் பயிலும் மாணவர்களில் பலர் இன்று ஒரு பன்னிரண்டு இலக்க எண்ணைத் தம் பெயருடன் சுமக்கின்றனர். சேர்க்கைப் படிவம் அதைக் கேட்கிறது. தேர்வு விண்ணப்பமும் கேட்கிறது. கல்விசார் கிரெடிட் வங்கியில் அவர்கள் பெயரில் திறக்கப்பட்ட கணக்கின் எண் அது. அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும் கிரெடிட்டுகளைக் கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்டால் மாணவரும் தயங்குவார், துறைத்தலைவரும் தயங்குவார். கணக்குத் திறந்தாயிற்று, வரவும் வைக்கப்படுகிறது. எடுக்கச் செல்பவருக்குத்தான் சாளரம் திறப்பதில்லை. முதுகலைப் படிப்பில், அதிலும் பல துறைகளை இணைத்துப் பயில விரும்பும் மாணவர் திறத்தில், இச்சிக்கல் மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது.

சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. 2020 ஜூலையில் ஏற்கப்பட்ட தேசியக் கல்விக் கொள்கை கிரெடிட் வங்கியை முன்மொழிந்தது. 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு அதற்கான ஒழுங்குமுறையை வெளியிட்டது. அதே ஆண்டில் ஸ்வயம் இணையவழிப் பாடங்களுக்கான வரம்பு 20 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது. 2022-இல் ஒரே காலத்தில் இரு பட்டப்படிப்புகள் பயில இசைவு கிடைத்தது. 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, முப்பது மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட் என்றும், ஓராண்டுப் படிப்பு 40 கிரெடிட் என்றும் வரையறுத்தது. 2024-இல் வெளியான முதுநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, இளநிலையில் எத்துறை பயின்றிருந்தாலும் நுழைவுத் தேர்வில் தகுதி பெற்றால் வேறு துறையில் முதுகலை பயிலலாம் என்றது. ஐந்தாண்டுகளுக்குள் இத்தனை கதவுகள் திறக்கப்பட்டது இந்திய உயர்கல்வி வரலாற்றில் அரிது.

ஆயினும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். குறிப்பிட்ட ஒருவரை அவர் சுட்டவில்லை. துறை அலுவலகங்களின் வாயிலில் நின்ற பலரின் கூட்டுருவம் என்று கொள்ளலாம். தொலைவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலையின் முதலாண்டை அவர் முடித்திருக்கிறார். ஒலியியல், தொடரியல், வரலாற்று மொழியியல், கள ஆய்வு முறை எனப் பத்துத் தாள்கள், தாளுக்கு நான்கு கிரெடிட், மொத்தம் நாற்பது. தந்தைக்கு உடல்நலம் குன்றுகிறது. சொந்த நகருக்குத் திரும்ப வேண்டிய நிலை. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மொழியும் அறிவாற்றலும் கணினியும் இணைந்த ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறது. அவர் விரும்பியதும் அதுவே. கணக்கில் நாற்பது கிரெடிட் இருக்கிறது. இரண்டாமாண்டில் சேரலாம் என்று நம்பிச் செல்கிறார்.

அலுவலகத்தில் முதலில் கேட்கப்படுவது இடப்பெயர்வுச் சான்றிதழ். அடுத்து, பத்துத் தாள்களின் பாடத்திட்டமும் பழைய பல்கலைக்கழகத்தின் முத்திரையுடன் வேண்டும். அது வந்து சேர ஒரு மாதம். பின்னர்ப் பாடத்திட்டக் குழு கூட வேண்டும். அக்குழுவின் அடுத்த கூட்டத்திற்குத் தேதி குறிக்கப்படவில்லை. குழு கூடிய பின், இங்குள்ள தாள்களோடு பெருமளவு ஒத்துப்போகும் தாள்கள் மூன்று மட்டுமே என்று முடிவாகிறது. ஏற்கப்படுவது பன்னிரண்டு கிரெடிட். எஞ்சிய இருபத்தெட்டு ஏற்கப்படவில்லை. கட்டமைப்பின் கணக்குப்படி அது 840 மணி நேர உழைப்பு. பன்னிரண்டு கிரெடிட்டை வைத்துக்கொண்டு இரண்டாமாண்டில் சேர இயலாது என்பதால், முதலாண்டிலேயே சேருமாறு அறிவுரை கிடைக்கிறது. சேர்ந்தால் இரண்டு ஆண்டுக் கட்டணம், இரண்டு ஆண்டு விடுதிச் செலவு அல்லது பயணச் செலவு. சேராவிட்டால் படிப்பு நின்றுபோகும். இந்தக் கணத்தில் யாரும் விதியை மீறவில்லை. எழுத்தர், துறைத்தலைவர், குழு உறுப்பினர் அனைவரும் முறைப்படியே நடந்துகொண்டனர். சிக்கலின் ஆழம் அங்கேதான் இருக்கிறது.

குழு கேட்ட கேள்வியை உற்று நோக்க வேண்டும். ‘நீங்கள் அங்கே பயின்றது, இங்கே நாங்கள் கற்பிப்பதோடு ஒத்திருக்கிறதா?’ என்பதே அது. ஒரே பாடத்தை இரு இடங்களில் பயிலும் மாணவருக்கு இக்கேள்வி பொருந்தும். துறையிடைப் படிப்புக்கு இது அடியோடு பொருந்தாது. ஒருவர் பிறிதொரு துறைக்கோ பிறிதொரு நிறுவனத்துக்கோ செல்வது, இங்கே இல்லாததைக் கற்பதற்காக. இங்கே இல்லாததைக் கற்று வந்தவரிடம், அது இங்கே இருப்பதைப் போன்றதே என்று மெய்ப்பிக்கச் சொல்வது முரண். ஒத்திருந்தால் கிரெடிட் உண்டு, ஆனால் அவர் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. புதிதாகக் கொண்டுவந்திருந்தால் கிரெடிட் இல்லை. இம்முரண் நீங்காதவரை துறையிடை முதுகலை என்பது விளம்பரக் கையேட்டில் மட்டும் வாழும் சொல்லாகவே இருக்கும்.

இது தனி மனிதர்களின் பிடிவாதத்தால் வந்த வழக்கம் என்று கருதிவிட முடியாது. அதற்கு வரலாற்று வேர் உண்டு. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபோது அவற்றுக்கு முன்மாதிரியாக இருந்தது இலண்டன் பல்கலைக்கழகம். அந்நாளில் அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பு. கற்பித்தல் கல்லூரிகளின் பணி. எனவே இந்தியப் பல்கலைக்கழகம் பிறக்கும்போதே தேர்வு நடத்தும் அமைப்பாகப் பிறந்தது. அதன் பார்வையில் பட்டம் என்பது முழுமையான ஒரு தேர்வில் பெறும் வெற்றி. தாள்கள் அத்தேர்வின் உறுப்புகள். தனித்து நிற்கும் மதிப்பு அவற்றுக்கு இல்லை. கையைத் தனியே எடுத்து வேறோர் உடலில் பொருத்த முடியாதது போல, ஒரு பல்கலைக்கழகத்தின் தாளை இன்னொன்றின் பட்டத்தில் பொருத்த முடியாது என்னும் உணர்வு அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

கிரெடிட் என்னும் கருத்து பிறந்த இடம் வேறு. ஹார்வர்டில் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர் தாமே பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பரவலாக்கினார். ஒவ்வொருவரும் வெவ்வேறு பாடங்களைத் தேர்ந்தால், எல்லோரும் ஒரே அளவு பயின்றனர் என்பதை அளக்க ஓர் அலகு வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னகி அறக்கட்டளை கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தது. எதைக் கல்லூரி என்று கொள்வது என்பதை வரையறுக்கும் முயற்சியில், 120 மணி நேர வகுப்பை ஓர் அலகாகக் கொள்ளும் உயர்நிலைப் பள்ளிக் கணக்கை அது நுழைவுத் தகுதியாக்கியது. ஓய்வூதியம் வேண்டிய கல்லூரிகள் அதை ஏற்றன. ஆசிரியரின் முதுமையைக் காக்க வந்த கணக்கு, மாணவரின் கற்றலை அளக்கும் கோலாக மாறிய கதை இது. அங்கே பட்டம் என்பது தனித்தனிப் பாடங்களின் தொகை. அங்கும் மாற்றத்தில் இடர்கள் உண்டு. எனினும் பாடம் தனித்து நிற்கும் என்னும் அடிப்படையில் ஐயமில்லை.

இந்தியா செய்தது, முதல் கட்டடத்தின் மேல் இரண்டாவதன் கூரையை வைத்தது. விருப்பத்தேர்வுக் கிரெடிட் முறை என்ற பெயரில், நூறு மதிப்பெண் தாள் நான்கு கிரெடிட் தாள் ஆயிற்று. பெயர் மாறியது, தாள் மாறவில்லை, பட்டம் பற்றிய உணர்வும் மாறவில்லை. விதிவிலக்குகள் இல்லாமலில்லை. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் போன்ற சில நிறுவனங்களில் ஒரு மையத்தின் முதுகலை மாணவர் பிற மையங்களில் விருப்பப்பாடம் பயில்வது நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் வளாகத்தின் மதிலோடு நின்றுவிடுகிறது. மதிலைத் தாண்டும்போது பழைய தேர்வு வாரியத்தின் மனநிலை விழித்துக்கொள்கிறது.

மதிலைத் தாண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஐதராபாத் நல்ல சான்று. அந்நகரில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. அதன் அண்டை வளாகமான ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் மொழிக் கல்வியும் வளர்ந்துள்ளன. கச்சிபௌலியில் ஐதராபாத் பல்கலைக்கழகம் பயன்பாட்டு மொழியியல், மொழிபெயர்ப்பியல் மையத்தையும் அறிவாற்றல் அறிவியல் மையத்தையும் கொண்டிருக்கிறது. அதே பகுதியிலுள்ள ஐஐஐடியில் கணினி மொழியியல் ஆய்வு நடக்கிறது. ஒரே நகரம், நான்கு வளாகங்கள். ஒலியியலை ஒன்றிலும், மொழிக் கல்வியை இன்னொன்றிலும், மூளையும் மொழியும் பற்றிய தாளை மூன்றாவதிலும், மொழித் தொழில்நுட்பத்தை நான்காவதிலும் பயின்று ஒரு முதுகலை பெறும் மாணவரை எண்ணிப் பார்த்தால், அவருக்கு நிகரான பயிற்சியை எந்தத் தனித்துறையும் தர இயலாது என்பது புலப்படும். இந்நான்கு நிறுவனங்களில் எதன் மீதும் சுமத்தும் குறையாக இதைக் கொள்ள வேண்டியதில்லை. அவை ஒவ்வொன்றும் தம் அளவில் செழித்தவை. அவற்றுக்கிடையே மாணவர் நடந்து செல்லும் பாதை எவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பதே இங்கு எழும் கேள்வி.

அத்தகைய மாணவரின் தேவை வெறும் ஆசை அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாக 121 மொழிகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றவை 22. எஞ்சிய மொழிகளுக்குப் பாடநூல் எழுதவும், அகராதி தொகுக்கவும், பேச்சுக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சோதனைகளை வடிவமைக்கவும், கணினியில் மொழிக் கருவி உருவாக்கவும் ஒரு துறையில் மட்டும் பயின்றவர் போதார். பழங்குடி மொழி பேசும் குழந்தையின் வாசிப்புச் சிக்கலை அறிய வேண்டுமானால் ஒலியனியலும் வேண்டும், உளவியலும் வேண்டும், கல்வியியலும் வேண்டும். அவ்வாறு பயின்ற ஒருவரைப் பல்கலைக்கழகம் முதலாண்டுக்குத் திருப்பி அனுப்பும்போது, இழப்பு அவருக்கு மட்டும் நேர்வதில்லை.

எதிர்வாதங்களில் வலுவானவை உண்டு. அவற்றைத் தட்டிக்கழிப்பது அறமாகாது.

முதலாவது, பட்டத்தின் ஒருமை பற்றியது. கிரெடிட்டுகளை அடுக்கினால் குவியல் கிடைக்கும், கட்டடம் கிடைக்காது என்பர் மூத்த பேராசிரியர்கள். இது உண்மை. தொடரியலின் அடிப்படை அறியாதவர் மேல்நிலைத் தொடரியல் தாளில் தடுமாறுவார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து அறிமுகத் தாள்களைப் பயின்றவர் எதிலும் ஆழம் காணார். ஆயினும் இதற்கான மருந்து, வந்த கிரெடிட்டை மறுப்பதில் இல்லை. பட்டத்தின் ஒருமையைத் தாள்களின் பெயரில் தேடாமல், மாணவரின் இறுதி ஆய்வேட்டில் தேட வேண்டும். வெவ்வேறு இடங்களில் கற்றவற்றை ஒரு கேள்வியில் இணைத்துக் காட்டும் ஆய்வேடு எழுதியவர், கட்டடத்தைத் தாமே எழுப்பிவிட்டார். அதை எழுத இயலாதவருக்கு ஒரே துறையில் பயின்ற எண்பது கிரெடிட்டும் ஒருமையைத் தந்திருக்காது.

இரண்டாவது, தரம் பற்றியது. எல்லா நிறுவனங்களின் கிரெடிட்டும் சமம் என்று கொண்டால், வகுப்பே நடவாத இடத்திலிருந்தும் கிரெடிட் வந்து சேரும் என்ற அச்சம். இதுவும் நியாயமானதே. வங்கி என்னும் உவமையின் குறையும் இங்கே தெரிகிறது. எந்த ஊரில் அச்சான நூறு ரூபாயும் நூறு ரூபாயே. எந்த ஊரில் பயின்ற நான்கு கிரெடிட்டும் ஒன்றல்ல. கல்வியை ஆசிரியர் மாணவரின் தலைக்குள் செலுத்தும் வைப்புத்தொகையாகக் கருதும் போக்கைப் பாவ்லோ ஃப்ரெய்ரே ‘வங்கிமுறைக் கல்வி’ என்று பெயரிட்டுக் கண்டித்தார். அரை நூற்றாண்டுக்குப் பின் அதே சொல்லைக் கொள்கையாளர் பெருமையுடன் சூட்டியது வரலாற்றின் நகை. ஆனால் தரம் குறித்த அச்சத்துக்கு விடை, தனித்தனியே ஒவ்வொரு மாணவரையும் சோதித்து நிறுத்துவதாக இருக்கக் கூடாது. ஐயம் நிறுவனத்தின் மீது என்றால் நிறுவனத்தைச் சோதிக்க வேண்டும். அந்நிறுவனத்தின் முழுப் பட்டத்தை ஏற்று முனைவர் பட்டச் சேர்க்கை அளிக்கும் பல்கலைக்கழகம், அதே நிறுவனத்தின் அரைப் பட்டத்தைக் கண்டு ஐயுறுவதற்குத் தர்க்கம் இல்லை. முழுதும் ஏற்புடையது என்றால் பாதியும் ஏற்புடையதாக வேண்டும்.

மூன்றாவது, அரசியல் சார்ந்தது. படிப்பின் இடையே வெளியேறும் வாய்ப்பு, வறிய மாணவரின் இடைநிற்றலுக்குச் சான்றிதழ் ஒட்டும் ஏற்பாடாக முடியும் என்று ஆசிரியர் அமைப்புகளும் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களும் சுட்டிக்காட்டுகின்றன. ஓராண்டு முடித்தவருக்கு முதுநிலைப் பட்டயம் கொடுத்து அனுப்பிவிட்டு, அதை நெகிழ்வு என்று கொண்டாடுவது ஏமாற்றே. ஆனால் வெளியேறும் வாயிலும் கிரெடிட் மாற்றமும் ஒன்றல்ல. முன்னது நிறுத்தியவருக்குத் தரப்படும் ஆறுதல். பின்னது தொடர விரும்புபவருக்கு வேண்டிய பாலம். கொள்கையை முழுமையாக எதிர்ப்பவரும், தந்தையின் நோயால் ஊர் திரும்பிய மாணவியின் ஓராண்டு உழைப்பு அழிய வேண்டும் என்று விரும்ப மாட்டார். உண்மையில், வெளியேறும் வாயில்கள் அகலமாகவும் மீண்டும் நுழையும் வாயில்கள் ஊசித்துளையாகவும் இருக்கும் இன்றைய நிலையே அவ்வெதிர்ப்புக்கு வலிமை சேர்க்கிறது.

நான்காவது எதிர்வாதம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. ஆயினும் நடைமுறையில் வலியது. நிரப்பப்படாத ஆசிரியப் பணியிடங்கள், ஒப்பந்த ஆசிரியர்கள், குவிந்த தாள்கள் ஆகியவற்றுக்கு நடுவே ஒவ்வொரு மாணவரின் பத்துத் தாள்களையும் ஒப்பிட்டுப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. மறுப்பது எளிது, ஏற்பதற்கு விளக்கம் எழுத வேண்டும். ஏற்றபின் தணிக்கையில் கேள்வி எழுந்தால் கையொப்பமிட்டவரே பொறுப்பு. மறுத்தவரை எவரும் கேட்பதில்லை. எந்த அலுவலகத்திலும் இத்தகைய சமநிலை இருந்தால் மறுப்பே விதியாகும். அதை மாற்ற நல்லெண்ணம் போதாது. மெய்ப்பிக்கும் சுமையை இடம் மாற்ற வேண்டும்.

ஐரோப்பா இதை எவ்வாறு செய்தது என்பது கவனிக்கத்தக்கது. 1989 முதல் அங்கே வளர்ந்த கிரெடிட் மாற்ற முறையில் ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம். எண்களைவிட முதன்மையானவை இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, கற்றல் ஒப்பந்தம். மாணவர் வேறு பல்கலைக்கழகம் செல்லும் முன்னரே, எந்தத் தாள்களைப் பயில்வார், அவை திரும்பி வந்ததும் எவ்வாறு ஏற்கப்படும் என்பதை மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் மூவரும் எழுத்தில் ஒப்புக்கொள்கின்றனர். இரண்டு, 1997-இல் லிஸ்பனில் உருவான அங்கீகார உடன்படிக்கையின் கோட்பாடு. வேறோரிடத்துப் படிப்பை ஏற்பதே இயல்பு. ஏற்க மறுப்பவர், இரண்டுக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். நியாயமான காலத்துக்குள் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். கேள்வி தலைகீழாகிறது. ‘ஒத்திருக்கிறதா?’ என்று மாணவரிடம் கேட்பதற்கு மாறாக, ‘மாணவருக்குத் தீங்காகும் அளவுக்கு வேறுபடுகிறதா?’ என்று நிறுவனம் தன்னையே கேட்டுக்கொள்கிறது.

இம்மனநிலை தமிழ் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து, நான்கையும் செய்யுளுக்கு உரிய சொற்களாகவே கொண்டது. தமிழ் வழங்கும் நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளிலிருந்து வந்த சொல்லுக்கும், வடமொழியிலிருந்து வந்த சொல்லுக்கும் இலக்கணத்தில் இடம் கொடுத்தது. வடசொல் வரும்போது அதன் வேற்றொலி நீங்கித் தமிழ் எழுத்தோடு பொருந்த வேண்டும் என்ற நெறியும் வகுத்தது. வரும் சொல் ஏற்கெனவே தமிழில் உள்ள ஒரு சொல்லோடு பொருளில் ஒத்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவ்வாறு கேட்டிருந்தால் எந்தச் சொல்லையும் கடன் வாங்க வேண்டியிருந்திராது. வெளியிலிருந்து வருவதை ஏற்கும் நெறியை முன்னரே வகுத்துவைக்கும் இலக்கணம் வலிமையான இலக்கணம். அந்நெறி இல்லாத இடத்தில் ஒவ்வொரு வரவும் ஒரு வழக்காகிறது.

பட்டம் கைக்கு வந்தபின் எழும் சிக்கலையும் மறக்க இயலாது. உதவிப் பேராசிரியர் பணிக்கான 2018 ஒழுங்குமுறை, தொடர்புடைய அல்லது அண்டைத் துறையில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டம் கேட்கிறது. தேசியத் தகுதித் தேர்வு 80-க்கும் மேற்பட்ட பாடங்களில் நடைபெறுகிறது. துறையிடைப் பட்டம் பெற்றவர் எந்தப் பாடத்தின் கதவைத் தட்டுவது, எந்தத் துறை அவரை அண்டைத் துறையினர் என்று ஒப்புக்கொள்ளும் என்பது தேர்வுக் குழுவின் விருப்பத்துக்கு விடப்படுகிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணி நாடுவோர், தம் பட்டம் இன்ன பட்டத்துக்கு இணையானது என்னும் அரசாணையைத் தேடி அலைவது பலரும் அறிந்ததே. கிரெடிட் மாற்றத்தைச் சீர்செய்து, பணி விதிகளைப் பழையபடி விட்டுவிட்டால், பாலத்தின் மறுகரை நீரில் முடியும். மாணவர் துணிவதும் துணியாததும் பாடத்திட்டத்தைப் பார்த்து அன்று. பணி விளம்பரத்தைப் பார்த்தே.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. பெரும் பொருட்செலவும் வேண்டாதவை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்த வகைக் கிரெடிட்டுகளை எந்த அளவில் ஏற்கும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதிக் கிரெடிட்டையாவது ஈட்ட வேண்டும் என்னும் பொது நெறி இருக்கிறது. அந்தப் பாதியைப் பட்டத்தின் ஒருமைக்குப் போதிய காவலாகக் கொண்டு, மற்றப் பாதியில் தாராளம் காட்ட வேண்டும். வெளியிலிருந்து வரும் தாளுக்கு இங்கே நேர் இணை இல்லையெனில், அதை விருப்பப்பாடக் கிரெடிட்டாக ஏற்பது இயல்பான வழி. முதன்மைத் தாள்களுக்கு மட்டும் ஒப்பீடு போதும். மறுப்பு எனில் முப்பது நாட்களுக்குள், காரணத்துடன், எழுத்தில் தர வேண்டும். ஒருமுறை ஏற்ற தாளின் விவரத்தைப் பொதுப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே தாளுடன் வரும் மாணவருக்காகக் குழு மீண்டும் கூட வேண்டியதில்லை. ஆசிரியரின் சுமையும் ஆண்டுதோறும் குறையும். ஏற்றுக் கையொப்பமிடும் ஆசிரியருக்கு, பட்டியலே காப்பாகவும் அமையும்.

மாணவர் தரப்பிலும் ஒரு கடமை உண்டு. நெகிழ்வு என்பது விரும்பியதை எல்லாம் வாரிக்கொள்ளும் உரிமையாகக் குறுகிவிடக் கூடாது. மாற்றம் கோரும் மாணவர், தாம் பயின்றவை எந்தக் கேள்வியை நோக்கிச் செல்கின்றன, எஞ்சிய கிரெடிட்டுகளைக் கொண்டு அதை எவ்வாறு நிறைவு செய்வார் என்பதை இரண்டு பக்கங்களில் எழுதித் தர வேண்டும். நெறியாளர் ஒருவர் அதைப் படித்து உரையாட வேண்டும். இணையான தாள்களைத் தேடி அட்டவணை நிரப்பும் நேரத்தில் பாதியை இவ்வுரையாடலுக்குச் செலவிட்டால், யார் குவியலோடு வந்திருக்கிறார், யார் கட்டடத்துக்கான கல்லோடு வந்திருக்கிறார் என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அந்த மாணவியிடம் திரும்பலாம். கிரெடிட் வங்கியில் அவர் கணக்கு இன்னும் இருக்கிறது. விதிப்படி கிரெடிட்டுகளின் ஆயுள் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். அவற்றை அவரே எங்கும் செலுத்த முடியாது. வரவு வைப்பதும் ஏற்பதும் நிறுவனங்களின் கையில். ஏழு ஆண்டுகளில் குடும்பச் சூழல் சீரடையலாம். அதற்குள் பணியோ திருமணமோ குறுக்கிடலாம். இடைவெளிக்குப் பின் படிப்புக்குத் திரும்புவோரில் வேலைக்குச் செல்வோரும், குழந்தை வளர்ப்போரும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் இருக்கின்றனர். தடையின்றி இரண்டாண்டு ஒரே இடத்தில் அமர்ந்து பயிலும் வசதி உடையவருக்குக் கிரெடிட் மாற்றம் தேவைப்படுவதே இல்லை. ஆகவே மாற்றத்தை மறுக்கும் விதி எல்லோர் மீதும் சமமாக விழுவதாகத் தோன்றினாலும், அது தைப்பது வாழ்க்கை இடைமறித்தவரை மட்டுமே.

ஒரு பல்கலைக்கழகம் வேறொன்றின் கிரெடிட்டை ஏற்பது, அங்கே கற்பித்த ஆசிரியரையும் இரவு விழித்துக் கற்ற மாணவரையும் நம்புவதாகும். முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பிட வெளிப் பல்கலைக்கழகப் பேராசிரியரை அழைத்து, அவர் தீர்ப்பின் மேல் பட்டம் வழங்கும் மரபு இந்நாட்டில் உண்டு. உயர்ந்த பட்டத்துக்கு அவர் சொல்லை நம்ப முடிகிறது. அவர் தம் வகுப்பில் கற்பித்த நான்கு கிரெடிட் தாளை நம்ப முடியவில்லை. அடுத்த முறை பாடத்திட்டக் குழுவின் மேசைக்கு இடம் மாறி வந்த ஒரு மாணவரின் கோப்பு வரும்போது, அங்கே அமர்ந்திருப்போர் இந்த ஒரு முரணையாவது எண்ணிப் பார்க்க வேண்டும். கோப்பில் இருப்பது ஒருவரின் ஓராண்டு.